கடைசி மணி வரைக்கும் நின்னவன்

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சு வைங்க சார். படிக்க வேணாம்னு சொல்லல. போட்டோ என் பக்கமா இருக்குது, அதான். ஊரைவிட்டு ரயிலேறியும் அந்தாளு மூஞ்சியப் பாத்துக்கினே போவணுமா?

நீங்க எரேமியா வூட்டு ஆளா? இல்லியா. பத்திரிகைக்காரரா? அதுவும் இல்ல. ஆடிட் ஆபீசா, சரி. ஆடிட்காரங்கன்னா எனக்குப் பிடிக்கும். எதையும் நம்பறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேக்குறவங்க. கொஞ்சம் மெதுவாவே பேசுவோம். எதிர்ல ஜன்னலோரமா பையைக் கட்டிப் புடிச்சுக்கினு தூங்குதே, அது என் வூட்டுக்காரி பிலோமினா. அவ காதுல விழ வேணாம்.

பேப்பர்ல இன்னா போட்டிருக்கான்? 'தோல்வியே காணாத ஹெவிவெயிட் வீரர் மருத்துவமனையில்.' மாரிகுப்பத்துல நீங்க ஏறும்போது அவன் பேருல எழுப்பற, சாரம் கட்டின வளைவு ஒண்ணு பாத்திருப்பீங்களே, அதுல எழுதப் போறதும் இதேதான். தோல்வியே காணாதவர். சரி, தோக்கல. நான் கேக்குறது ஒரே ஒரு கேள்வி. யாரை ஜெயிச்சான்?

இந்தக் கேள்விய எங்க ஊர்ல கேக்கக் கூடாது சார். கேட்டா வயித்தெரிச்சல்னு சொல்லிடுவாங்க. நீங்க வெளியூரு, கேளுங்க. எங்க ஊரு தங்கச் சுரங்கத்து ஊரு. சுரங்கத்த மூடியாச்சு. வெள்ளைக்காரன் போறப்ப எங்களுக்கு ரெண்டு விட்டுட்டுப் போனான், ஒண்ணு இருமல், இன்னொண்ணு பாக்ஸிங். கிறிஸ்துமஸ் வாரத்துல ஃபுட்பால் கிரவுண்டுல ரிங் போடுவாங்க. சின்ன எடைக்கெல்லாம் ஆளு குவியும். ஹெவிவெயிட்டுக்கு மட்டும் ஆளே கெடைக்காது. பூமிக்கு அடியில வேலை செய்யறவன் ஒடம்புல சதை எங்க நிக்கும்? ஊருக்கே ஒருத்தன்தான் ஹெவிவெயிட், எரேமியா. கல்லு இடிக்கிற மில்லுல வேலை. மில்லு எரேமியான்னுதான் பேரு. வாசப்படியில குனிஞ்சுதான் வருவான். ஒருத்தனே இருந்தா யாரோட சண்டை போடறது? அதனால வருஷா வருஷம் வெளியிலேர்ந்து ஆளு தேடிக் கொணாருவாங்க. இல்லன்னா உள்ளூர்லயே ஒருத்தனைத் தேத்துவாங்க.

அப்படி வந்தவங்கள ஒவ்வொருத்தரா எடுத்துக்குங்க. மொதல்ல சாந்தப்பன். ஆபீசருங்க கிளப்புல சமையக்காரன். எடை இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. எல்லாம் வயித்துல. கயிறைத் தாண்டி ரிங்குக்குள்ள வரும்போதே மூச்சு வாங்குனான். அடுத்து ஜோலார்பேட்டையிலேர்ந்து ஒரு ரயில்வே கார்டு. நல்ல ஆளுதான், ஆனா வலது கண்ணுல புரை. எரேமியா எந்தக் கையால அடிச்சு சாச்சான்? இடது கை. இடது கை எந்தப் பக்கமா வரும், நீங்களே யோசிச்சுப் பாருங்க. அதுக்கடுத்த வருஷம் பெங்களூர்லேர்ந்து ஒரு மிலிட்டரி ஹவில்தார். மத்தியானம் அவருக்கு வயிறு முட்ட பிரியாணி போட்டாங்க. போட்டது யாரு? எரேமியாவோட தாய்மாமன். சண்டை வச்சுக்கினு பிரியாணி இன்னாத்துக்குன்னு ஒருத்தனாவது கேட்டானா? நான் கேட்டேன். வந்த விருந்தாளிக்குக் கஞ்சியா ஊத்துவாங்கன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க.

அப்பால நான்.

சிரிக்காதீங்க. இப்ப பாக்குறத வச்சு முடிவு பண்ணக் கூடாது. அப்பவும் இப்படித்தான் இருந்தேன், அது வேற விஷயம். என் பேரு சவரிராயன். ஆனா ஊர்ல யாரைக் கேட்டாலும் 'நின்ன சவரி'ன்னாத்தான் தெரியும். எரேமியா முன்னாடி கடைசி மணி வரைக்கும் கீழ விழாம நின்னவன் நான் ஒருத்தன்தான். டீக்கடையில எனக்கு பெஞ்சு காலி பண்ணுவாங்க. கல்யாண வூட்டுல ஃபாதர் பக்கத்துல ஒக்கார வைப்பாங்க. பேரனைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப, நின்ன சவரி பேரனான்னு வாத்தியாரு எழுந்து வந்து கை குடுத்தாரு. நான் வேற ஒண்ணும் சேத்து வைக்கல சார். இது ஒண்ணுதான்.

எலும்பும் தோலுமா இருந்தவன் ஹெவிவெயிட்டுக்கு ஏன் போனேன்? இதோ தூங்கறாளே, இவளுக்காகத்தான். இவ அப்பா லூர்து மேஸ்திரி. சுரங்கத்துல எனக்கு மேலாளு. பாக்ஸிங்னா சோறு வேணாம் அந்த மனுஷனுக்கு. பொண்ணு கேட்டு எங்க அக்காவை அனுப்பிச்சேன். மறுநாள் ஷிஃப்ட் எறங்கறதுக்கு முன்னாடி, அத்தினி பேரு நடுவுல என்னைக் கூப்பிட்டாரு. எரேமியா முன்னாடி கடைசி மணி வரைக்கும் நில்லு, அப்பால வந்து பொண்ணு கேளுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. கிண்டலுக்குத்தான் சொன்னாரு, எனக்குத் தெரியும். ஆனா அத்தினி பேரு சிரிச்ச பெறகு நான் இன்னா பண்ணுவேன்? நேராப் போயி பேரைக் குடுத்துட்டேன்.

எடை? அதத்தான் கேப்பீங்கன்னு நெனச்சேன். ஆடிட்காரராச்சே. எங்க ஊர்ல ஒரு வழக்கம். ஷிஃப்ட் முடிச்சு நேரா எடை போட வருவாங்க, டிசம்பர் குளிரு வேற. அதனால சுரங்கத்து பூட்ஸு, கோட்டு, தலை விளக்குக்கு இடுப்புல கட்டுற பேட்டரி, எல்லாத்தோடயும்தான் கூட்ஸ் ஷெட்டுத் தராசுல ஏத்துவாங்க. எல்லாருக்கும் ஒரே சுமைதானே, அத கழிச்சுக்கலாம்னு பெரியவங்க வச்சது. வேற ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. அந்தப் பேட்டரி லேசு இல்ல சார், கைக்குழந்தையத் தூக்கி இடுப்புல வச்ச மாதிரி இருக்கும். நான் கோட்டுக்கு உள்ள முதுகுல மூணு, வயித்துல மூணு சேத்துக் கட்டிக்கினேன். அதுக்கு மேல ஒரு சீப்பு வாழைப்பழம், தொண்டை வரைக்கும் தண்ணி. தராசு முள்ளு போயி நிக்க வேண்டிய எடத்துல நின்னுச்சு. ஹெவிவெயிட்னு எழுதிட்டாங்க.

அப்ப இது ஒருத்தருக்கும் தெரியாது. பேட்டரி குடுத்த விளக்கு ரூம் முனிரத்தினத்துக்குத் தெரியும். அவன் போய்ச் சேந்துட்டான். அப்பால, குழாயடியில தண்ணி புடிக்க வந்தப்ப இவகிட்ட சொன்னேன். ஒரு பெருமைக்குச் சொன்னேன். ஒனக்காக எத்தினி பேட்டரி சுமக்கறேன் பாருன்னு. இவளுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. பாதி கொடத்தோட ஓடிட்டா. சந்தோஷம்னு நெனச்சேன்.

சண்டையப் பத்தி கேளுங்க. ஆறு ரவுண்டு. எரேமியா அடிச்ச அடி எல்லாம் தோள்மேல, கைமேல. மூஞ்சியில ஒண்ணு கூட விழல. எவ்வளவு வேகமா நான் நகந்திருக்கணும். சாந்தப்பனுக்கு மொத ரவுண்டுலயே மூக்கு ஒடஞ்சுது, என் மூக்கைப் பாருங்க, எப்படி இருக்குது. நாலாவது ரவுண்டுல வாழைப்பழம் வேலையக் காட்டிடுச்சு. காலு ரெண்டும் தொவளுது. அந்த நேரம் பாத்து அவன் என்னைக் கட்டிப் புடிச்சுக்கினான். களைப்பு. பெரிய ஒடம்பு, எத்தினி நேரம் தாங்கும்? விடவே மாட்டேங்கறான். ரெஃப்ரி வந்து பிரிச்சு விடணும், அதான் சட்டம். பிரிக்கல. ரெஃப்ரி யாரு? எரேமியாவோட மில்லுல கூட வேலை செய்யற ஆளு. கட்டிப் புடிச்சுக்கினு என் காதுகிட்ட, கண்ணத் தொற, கண்ணத் தொறன்னு மெரட்டறான். அஞ்சாவதுலயும் அதே. ஆறாவதுலயும் அதே. மணி அடிச்சப்ப நான் நின்னுக்கினு இருந்தேன். பாயிண்டுல அவன் ஜெயிச்சான்னு கையத் தூக்குனாங்க. களைச்சுப் போயி எதிராளி மேல தொங்குனவன் எப்படி சார் ஜெயிப்பான்?

மேஸ்திரி பேச்சு மாறல. ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணம். ஆனா ஒண்ணு, இவ சண்டை பாக்க வரல. ஊரே கிரவுண்டுல இருந்துச்சு. தலைவலின்னுட்டு இவ மட்டும் அந்தோணியார் கோயில்ல முழங்கால் போட்டுக்கினு இருந்தாளாம். தலைவலிக்கு யாராவது முழங்கால் போடுவாங்களா? அப்பவே கேட்டிருக்கணும். புதுசா கல்யாணம் ஆன ஜோருல விட்டுட்டேன்.

இன்னொரு விஷயம். அந்த வருஷத்துலேர்ந்து கிறிஸ்துமஸ் வந்தா எரேமியா வூட்டுலேர்ந்து எங்க வூட்டுக்கு ஒரு பீங்கான் தட்டு நெறைய கல்கல் பலகாரம் வரும். ஒரு வருஷம் தவறல. அவங்க சி.எஸ்.ஐ., நாங்க ஆர்.சி. ஒறவும் கெடையாது, பக்கத்து வூடும் கெடையாது. இன்னாத்துக்கு வருது? மனசாட்சி உறுத்துது. ஜெயிச்சது சவரின்னு அவனுக்குத் தெரியும், வாயடைக்க இனிப்பு அனுப்பறான். இப்படித்தான் நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன். நான் ஒண்ணு கூட வாயில வச்சதில்ல. இவ தட்டைக் கழுவி, அதுல அதிரசம் வச்சு திருப்பி அனுப்புவா. வெறும் தட்டா அனுப்பக் கூடாதாம். எரேமியாவப் பத்தி நான் எது சொன்னாலும் இவ ஒரே பேச்சுதான் பேசுவா, நல்ல மனுஷருன்னு. எத வச்சு சொல்றேன்னு கேட்டா அடுப்பப் பாக்கப் போயிடுவா.

மாலூர் வந்துடுச்சா? டீ குடிக்கிறீங்களா? வேணாமா. நானும் இந்த டீய நம்பறதில்ல.

போன மாசம் பள்ளிக்கூட ஹால்ல வளைவுக் கமிட்டி கூட்டம். தலைவரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஜெபமணி. மேடையில சக்கர நாற்காலியில எரேமியா. பெங்களூர்லேர்ந்து மகள் கூட்டியாந்திருந்தாங்க. கை நடுங்குது, தலை ஆடுது. ஆளு பாதியா கரைஞ்சுட்டான். அந்த ஒடம்பப் பாத்து எல்லாரும் எரக்கப்படணும்னுதான் கூட்டியாந்தாங்கன்னு நெனக்கிறேன். ஒவ்வொருத்தரா எழுந்து புகழ்ந்தாங்க. இமயமாம், சூறாவளியாம். நான் எழுந்தேன்.

இப்ப ஒங்களுக்குச் சொன்ன மாதிரியே வரிசையாச் சொன்னேன். சமையக்காரன், புரைக் கண்ணு, பிரியாணி. ஹெட்மாஸ்டர் குறுக்க வந்தாரு. சவரி, நீங்க சொல்ற மாதிரி எல்லாரும் சொத்தைன்னா, அப்ப ஒங்களை எந்தக் கணக்குல சேக்கறதுன்னு கேட்டாரு. அதுக்குத்தான் சார் காத்துக்கினு இருந்தேன். பேட்டரி விஷயத்த எடுத்து வுட்டேன். நான் ஹெவிவெயிட்டே கெடையாது, என்னைவிட ரெண்டு மடங்கு பெரிய ஆளு என்னை வுழ வைக்க முடியல, அப்ப அவன் என்ன வீரன்? வளைவுல 'தோல்வியே காணாதவர்'னு போடாதீங்க, 'சவரிராயனைத் தவிர எல்லாரையும் சாய்த்தவர்'னு போடுங்கன்னு கேட்டேன். நியாயமா இல்லியா? ஒருத்தரும் கை தட்டல. வயித்தெரிச்சல்னு பின்னாடி ஒரு கொரல்.

அப்ப எரேமியா மைக்கைக் கேட்டான். மகள் வாய்கிட்ட புடிச்சாங்க. நிதானமாத்தான் பேசினான்.

"சவரி சொல்றது நெசம். அவரு எடை எனக்கு அப்பவே தெரியும். சண்டைக்கு மொத நாளே ஒரு பொண்ணு வந்து என்கிட்ட சொல்லிடுச்சு. பேட்டரி கட்டிக்கினு வராருண்ணா, உள்ள ஒண்ணும் இல்ல, ஒரு அடி தாங்க மாட்டாரு, ஆனா வுழக் கூடாது, கடைசி மணி வரைக்கும் எப்படியாவது நிக்க வச்சுடுங்கண்ணான்னு அழுதுச்சு. நானும் சரின்னேன். நான் போட்டதுலயே ரொம்பக் கஷ்டமான சண்டை அதுதான். ஆளை வுழ வைக்கிறது சுலபம். வுழாம வச்சுக்கறதுக்கு நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்."

யாரு அந்தப் பொண்ணுன்னு நான் கத்துனேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன் தம்பின்னான். தம்பின்னான் சார். ஹால்ல யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா சண்டை போட்டிருப்பேன். எல்லாரும் என்னையப் பாத்துட்டு, அப்பால தரையப் பாத்தாங்க. மறுநாள் டீக்கடைக்குப் போனேன், பெஞ்சு காலி பண்ணாங்க, எப்பவும் போலத்தான். ஆனா ஒடம்புக்கு முடியாதவனுக்குக் காலி பண்ற மாதிரி இருந்துச்சு. அப்பறம் நான் டீக்கடைக்குப் போறதில்ல.

பொய்யின்னு வச்சுக்குவோம். தன் பேரைக் காப்பாத்திக்க அவன் கதை கட்டறான்னே வச்சுக்குவோம். ஆனா பேட்டரி விஷயத்த நான் அந்த ஹால்லதான் மொத மொத வெளிய சொன்னேன். அழுதுச்சு, அண்ணான்னு கூப்பிட்டுச்சு, இதெல்லாம் அந்த நிமிஷத்துல கட்டற கதையா? சரி, நெசம்னு வச்சுக்குவோம். அப்ப யாரு? விசாரிச்சேன். எங்க அக்கா பங்காரப்பேட்டையில இருக்குது. போயிக் கேட்டேன். நீ பேரு குடுத்த அன்னிக்கே ஒன்ன நான் தலை முழுகிட்டேன், நான் எதுக்குப் போறேன்னு சொல்லிடுச்சு. முனிரத்தினம் பொண்டாட்டியக் கேட்டேன். பேட்டரின்னா இன்னான்னு கேக்குது. எங்கம்மாவுக்கு நான் பேரு குடுத்ததே சண்டை முடிஞ்சுதான் தெரியும். சாந்தப்பன் தங்கச்சி ஒண்ணு இருந்துச்சு, அதையும் தேடிப் போயி விசாரிச்சேன், அது இன்னாத்துக்குப் போவப் போவுது எனக்காக. ஊர்ல எல்லாரையும் கேட்டாச்சு.

இவளையா? இவளைக் கேக்கல.

இன்னாத்துக்குக் கேக்கணும்? ஒரே வூடு, ஒரே அடுப்பு. எப்ப வேணாலும் கேக்கலாம். அதனால கேக்கல.

கூட்டம் முடிஞ்சு வந்தப்ப இவ ஒண்ணும் கேக்கல, அதான் எனக்கு ஒதைக்குது. ஊரே பேசுது, இவ சாப்பிட வாங்கன்னு கூப்பிடறா. போன வாரம் எரேமியாவ பெங்களூர் ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்கன்னு சேதி வந்துச்சு. இந்தத் தடவை தேறாதுங்கறாங்க. நான் மனசுல நெனச்சேன், போயிடணும், அவன் கண்ண மூடறதுக்குள்ள தனியா ஒக்காந்து, யாரு அந்தப் பொண்ணுன்னு கேட்டுடணும். இவகிட்ட சொல்லாம கெளம்பறேன், இவ பொடவை மாத்திக்கினு வாசல்ல நிக்கறா. நானும் வரேன், பாத்துட்டு வந்துடலாம்ங்கறா. கையில அந்தப் பை. உள்ள இன்னான்னு கேட்டேன், ஒண்ணும் இல்லன்னா. ஸ்டேஷன்ல தொட்டுப் பாத்தேன். வட்டமா, கெட்டியா ஒண்ணு இருக்குது. போன கிறிஸ்துமஸுக்கு வந்த தட்டு இன்னும் திருப்பி அனுப்பல.

இன்னா சொன்னீங்க? கொஞ்சம் மெதுவா. இல்ல, திரும்பச் சொல்லுங்க.

அடிக்காதீங்கன்னு மட்டும் கேட்டிருந்தா எரக்கம். நிக்க வைங்கன்னு அந்தப் பொண்ணு ஏன் கேட்டுச்சுன்னு கேக்குறீங்க.

வுழுந்திருந்தா மேஸ்திரி பொண்ணு குடுத்திருக்க மாட்டாரு. ஆமா. உரிகத்துல லாரி வச்சிருந்த ஒருத்தன் கேட்டுக்கினு இருந்தான், அவனுக்குக் குடுத்திருப்பாரு. ஆளும் பாக்க நல்லா இருப்பான். அப்ப இவ... எத்தினி எடம் வந்துச்சு இவளுக்கு. ஊர்லயே பயப்படுற ஆளு வூட்டுக்குத் தனியாப் போயி, வாசல்ல நின்னு அழுதிருக்கா. எனக்காகன்னா நெனைக்கறீங்க? நான் வேணும்னா?

நான் இத்தினி வருஷமும் எரேமியாவையே பாத்துக்கினு இருந்துட்டேன் சார். இந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நீங்க நெசமாவே ஆடிட் ஆபீசுதானா? யாராச்சும் சொல்லி அனுப்பலியே? சரி, சரி. பழக்கம், வுடுங்க.

ரயிலு மெதுவாப் போவுது, கன்டோன்மெண்ட் வரப் போவுது. இவளை எழுப்பணும். நான் உள்ள போகல சார். இவ போவட்டும். அவரு இவளைப் பாக்கட்டும், இவ அவரைப் பாக்கட்டும். ரெண்டு பேரும் இன்னா பேசினாலும் எனக்கு வேணாம், கேக்கவும் மாட்டேன். நான் வெளிய வராண்டாவுல நிக்கறேன். நிக்கறது எனக்குப் பழக்கம்தான். இவ வரட்டும்னு நிக்கறதுக்கு யாரும் புடிச்சுக்க வேணாம்.

பிலோமி. பிலோமி, எழுந்திரு, ஸ்டேஷன் வந்துடுச்சு. பையக் குடு. உள்ள இன்னான்னு கேக்கல. தட்டு ஒடையாம எடுத்தாறேன், குடு.